மூன்றுக்கும் தண்ணீர் பிடிக்கும்: செசபீக்கா, லாப்ரடாரா, கோல்டனா?

என் மச்சினன் போன வருஷக் கடைசியில் பால்டிமோர் அடுக்குமாடியைக் காலி செய்துவிட்டு, மேரிலாந்தின் கென்ட் தீவில் வீடு வாங்கினான். பின்வாசலைத் திறந்து நாற்பது அடி நடந்தால் உப்பங்கழி. சின்னதாக ஒரு படகுத்துறையும் உண்டு. குடிபோன வாரமே என்னைக் கூப்பிட்டான். “அத்தான், உங்க கெண்டை மாதிரியே ஒண்ணு எங்களுக்கும் வேணும். எங்க வாங்கினீங்க?”

கெண்டை எங்கள் வீட்டு நாய். செசபீக் பே ரெட்ரீவர், பெண், ஏழு வயது. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே தோட்டத்துத் தொட்டிக்குள் இறங்கி மூழ்கி எழுந்ததைப் பார்த்து என் மகள் வைத்த பெயர். இந்த ஏழு வருஷத்தில் அவள்மேல் எனக்கு வளர்ந்திருக்கும் பிரியத்தை அளந்து சொல்ல முடியாது. ஆனாலும் மச்சினனிடம், “இந்த இனம் உன் வீட்டுக்குச் சரிவராதுன்னு நினைக்கிறேன், கொஞ்சம் பொறு” என்றுதான் சொன்னேன். அவனுக்கு முகம் வாடியது போனிலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் இதே பேச்சுதான். செசபீக், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் மூன்றையும் அவன் குடும்பத்தோடு நேரில் போய்ப் பார்த்தோம். வளர்ப்பவர்களிடம் பேசினோம். அந்த அலைச்சலில் தெளிந்ததை எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயம். ‘தண்ணீர் பிடிக்கும் நாய்’ என்ற ஆசையை வைத்து இந்த மூன்றில் ஒன்றைப் பொறுக்க முடியாது. மூன்றும் சுட்ட பறவையை எடுத்துவர வளர்க்கப்பட்டவை. மூன்றும் வாய் மென்மையானவை, முட்டையைக் கவ்வினாலும் உடைக்காமல் கொண்டுவரும் அளவுக்குப் பழக்கலாம். மூன்றுக்கும் விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு. ஆனால் எவ்வளவு தண்ணீர்ப் பைத்தியமான நாயாக இருந்தாலும் ஒரு நாளில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம்தான் தண்ணீரில் இருக்கும். மீதி இருபத்திரண்டு மணி நேரம் அது உங்கள் கூடத்தில், உங்கள் பிள்ளைகளோடு, உங்கள் வாசலுக்கு வருகிறவர்களோடு இருக்கப்போகிறது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஒவ்வொன்றும் எந்தத் தண்ணீரில், யாரோடு வேலை பார்த்தது என்ற கதைக்குள் போக வேண்டியிருக்கிறது.

ஒரே ஊர்த் தண்ணீரிலிருந்து இரண்டு நாய்கள்

1807ஆம் ஆண்டு, நல்ல புயல் காலம். இன்றைய கனடாவின் கிழக்கில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து உப்பிட்ட காட் மீன் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஆங்கிலேயக் கப்பல் நடுக்கடலில் மூழ்க ஆரம்பித்தது. அந்த வழியாக வந்த ‘கேன்டன்’ என்ற பால்டிமோர்க் கப்பல் மாலுமிகளைக் காப்பாற்றியது. கேன்டனில் இருந்த ஜார்ஜ் லா என்பவர், மூழ்கும் கப்பலிலிருந்து இரண்டு நாய்க்குட்டிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். பிறகு ஆங்கிலேயக் கேப்டனிடம் குட்டிக்கு ஒரு கினி (அந்தக் கால ஆங்கிலேயத் தங்கக் காசு) வீதம் கொடுத்து வாங்கிக்கொண்டார். ஆண் குட்டி மங்கிய சிவப்பு, பெயர் ‘செய்லர்’. பெண் குட்டி கறுப்பு, காப்பாற்றிய கப்பலின் பெயரையே வைத்தார்கள். செய்லர் மேரிலாந்தில் வெஸ்ட் ரிவர் பக்கம் ஜான் மெர்சர் என்பவரிடம் போயிற்று. கேன்டன் ஸ்பாரோஸ் பாயின்ட்டில் ஒரு டாக்டரிடம் போயிற்று. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து குட்டி போட்டதற்குப் பதிவு இல்லை. செசபீக் விரிகுடாவின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் உள்ளூர் நாய்களோடு கலந்து இரண்டு வழியாகப் பெருகின. 1877இல் பால்டிமோரில் நடந்த கண்காட்சிக்கு இரு கரைகளிலிருந்தும் நாய்கள் வந்தபோது, எல்லாம் ஒரே சாயலில் இருப்பதைப் பார்த்து ஒரே இனமாக எழுதினார்கள். 1964இல் மேரிலாந்து இதை மாநில நாயாக அறிவித்தது.

எங்கள் வீடு வெஸ்ட் ரிவர் பக்கம்தான். செய்லர் நீந்திய தண்ணீரில் கெண்டை நீந்துகிறாள் என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துவிடும்.

இப்போது அந்தக் கப்பல் போகவேண்டியிருந்த ஊரைப் பாருங்கள். பூல். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் வைத்திருந்த ‘செயின்ட் ஜான்ஸ்’ நாய்கள் மீன் கப்பல்களோடு வந்து இறங்கிய இடம் அதுதான். குட்டை ரோமம், நீர்நாய் வால் போலப் பருத்த வால். வலையின் மிதவைக் கயிற்றை இழுத்து வருவதும், தூண்டிலிலிருந்து நழுவிய மீனைப் பாய்ந்து பிடிப்பதும் அவற்றின் வேலை. பூல் பக்கத்தில் நிலம் வைத்திருந்த மாம்ஸ்பரி பிரபுக்கள் அந்த நாய்களை வாங்கி வளர்த்தார்கள். 1880களில் அவர்கள் வம்சத்திலிருந்து ஸ்காட்லாந்தின் பக்ளூ கோமகனுக்குச் சில நாய்கள் போயின. இன்றைய லாப்ரடாரின் வேர் அங்கே இருக்கிறது. 1903இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் இங்கிலாந்தின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. பெயர்தான் வடக்கே உள்ள லாப்ரடார் பகுதியுடையது, பிறந்த மண் நியூஃபவுண்ட்லாந்து. தாய் இனமான செயின்ட் ஜான்ஸ் நாய் இப்போது உலகில் இல்லை. 1980களில் எஞ்சியிருந்தவை இரண்டே இரண்டு கிழ ஆண் நாய்கள். அவற்றோடு அந்த வம்சம் முடிந்துவிட்டது.

ஆக, அந்தக் கப்பல் மூழ்காமல் பூல் போய்ச் சேர்ந்திருந்தால், செய்லரும் கேன்டனும் லாப்ரடாரின் முன்னோர் வரிசையில் சேர்ந்திருக்கக்கூடும். அவ்வளவு நெருங்கிய சொந்தம். இருந்தும் இன்று குணத்தில் இரண்டும் இரண்டு துருவம். காரணம், போய்ச் சேர்ந்த இடத்தில் கிடைத்த வேலை.

செசபீக் விரிகுடாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டு வாத்து வேட்டை ஒரு பெரிய வியாபாரம். பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் ஓட்டல்களில் ‘கேன்வாஸ்பேக்’ வாத்துக்கு அப்படி ஒரு மவுசு. சஸ்குவஹானா ஆறு வந்து விழும் ஆழமில்லாத நீர்ப்பரப்பில், குளிர்காலத்தில், மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே, விடிவதற்கு முன்பே வேட்டைக்காரர்கள் போய்விடுவார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான வாத்து விழும். எடுத்து வருவதற்கு ஒரே நாய். கரைக்கு வந்த பிறகும் அதற்கு ஓய்வு கிடையாது. வேட்டைக்காரர் விலை பேசப் போகும்போது படகையும் வாத்துக் குவியலையும் காவல் காப்பதும் அந்த நாயின் பொறுப்பு. காவல் தெரியாத நாயை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. 1918இல் வலசைப் பறவைகளுக்கான சட்டம் வந்து அந்த வியாபாரம் ஓய்ந்தது. நாயின் ரத்தத்தில் காவல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

லாப்ரடாருக்கோ வேறு வாழ்க்கை. முதலில் மீன்படகில் நாலைந்து பேரோடு. பிறகு பிரபுக்களின் வேட்டை விருந்துகளில் பத்துத் துப்பாக்கி, இருபது ஆள், பக்கத்தில் முன்பின் பார்க்காத வேற்று நாய்கள். அங்கே எரிச்சல்படுகிற நாய்க்கு இடமில்லை. யாரோடும் ஒத்துப்போகிற நாய்தான் அடுத்த தலைமுறைக்குக் குட்டி கொடுத்தது.

கோல்டனின் கதை இன்னும் அமைதியானது. ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் பக்கம் கிஸகன் என்ற பண்ணை. சொந்தக்காரர் டட்லி மார்ஜோரிபேங்க்ஸ், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு. 1865இல் பிரைட்டனில் ‘நவ்ஸ்’ என்ற மஞ்சள் நிற நாயை வாங்கினார். அதை ‘பெல்’ என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியல் இனப் பெண் நாயோடு சேர்த்து 1868இல் பிறந்த குட்டிகளிலிருந்து இந்த இனம் வளர்ந்தது. ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து வந்தது என்று ரொம்ப நாள் ஒரு கதை உலவியது. ட்வீட்மவுத் குடும்பத்தின் வளர்ப்புப் பதிவேடு 1952இல் அச்சில் வந்ததும் அந்தக் கதை அடிபட்டுப் போயிற்று. மலை, ஓடை, ஈரப் புதர், பக்கத்திலேயே எஜமான். மனித முகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்யும் பழக்கம் கோல்டனுக்கு இப்படி வந்தது என்று நான் நினைக்கிறேன்.

வாசலில் ஆள் வந்தால்

இதைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் படகுத்துறையில் என் பையை வைத்துவிட்டு வீட்டுக்குள் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர், நல்ல மனுஷர், மழை தூறுகிறதே என்று பையை எடுத்து ஓரமாக வைக்க வந்திருக்கிறார். கெண்டை குரைக்கவில்லை, உறுமவும் இல்லை. எழுந்து வந்து பைக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். மஞ்சள் கண்ணால் அவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருக்கிறாள். நான் வரும்வரை அவரும் நின்றுகொண்டே இருந்தார். அவளுக்கு அவரைத் தெரியும், அவர் கையால் பிஸ்கட் வாங்கித் தின்றிருக்கிறாள். ஆனால் பை எங்களுடையது.

என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு மாதம் தங்கியபோது, கெண்டை அவரை ஏற்றுக்கொள்ளப் பதினோரு நாள் ஆயிற்று. அதுவரை ஒரே அறையில் இருந்தாலும் தள்ளித்தான் படுப்பாள். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் காலடியில் போய்ப் படுத்தாள். பிறகு அவர் ஊருக்குத் திரும்பும்வரை அந்த இடத்தை விடவில்லை. செசபீக்கின் அன்பு அப்படிப்பட்டது. எல்லாருக்கும் கிடைக்காது, கிடைத்தால் விலகாது.

மச்சினன் வீட்டுக்கு இது பொருந்துமா? அவனுக்கு ஆறு வயதில் ஒரு பையன், மூன்று வயதில் ஒரு பெண். சனி ஞாயிறு என்றால் நாலு குடும்பம் வந்து இறங்கும், பத்துப் பிள்ளைகள் ஓடும், கூச்சல் போடும், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளும். செசபீக் அந்த விளையாட்டைச் சண்டையாக எடுத்துக்கொண்டு தன் வீட்டுப் பிள்ளையைக் காக்க நடுவில் புகுந்துவிடும். சின்ன வயதிலிருந்தே நிறையப் பேரோடு பழக்கினால் இதைப் பெரிய அளவு தணிக்கலாம், நாங்களும் பழக்கினோம். ஆனால் அந்த வேலைக்கு முதல் இரண்டு வருஷம் தினமும் நேரம் வேண்டும். இன்னொன்று, இந்த நாயை அதட்டியும் அடித்தும் வழிக்குக் கொண்டுவர முடியாது. மனம் சுருங்கிக்கொள்ளும், மறக்கவும் மறக்காது. ‘ஏன் செய்ய வேண்டும்’ என்று யோசிக்கிற நாய் இது. பொறுமையாக, நியாயமாக நடந்துகொண்டால் உயிரைக் கொடுக்கும்.

லாப்ரடாருக்கோ வீட்டுக்குக் கொரியர் கொண்டு வருகிறவரும் சொந்தம்தான். நாங்கள் பார்க்கப் போன வீட்டில் ஒரு கறுப்பு லாப்ரடார், மச்சினன் மகள் அதன் காதைப் பிடித்து இழுத்தபோது, திரும்பிப் படுத்து வயிற்றைக் காட்டியது. (காதைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று குழந்தைக்கு அன்றே சொல்லிக் கொடுத்தோம். நாய் பொறுத்துக்கொள்கிறது என்பதற்காக அதைப் பொறுக்க வைக்கக் கூடாது.) ஆனால் லாப்ரடாரிலும் இரண்டு கிளை உண்டு. வேட்டைப் போட்டிக்காக வளர்க்கும் கிளை ஒல்லியாக, நரம்பு முறுக்கோடு இருக்கும். தினமும் ஒரு மணி நேரத்துக்குமேல் ஓட்டமும் மூளைக்கு வேலையும் கொடுக்காவிட்டால் சோபாவைப் பிய்த்துவிடும். கண்காட்சிக் கிளை கட்டையாக, கொஞ்சம் நிதானமாக இருக்கும். குடும்பத்துக்குக் கேட்டால், நிதானமான பெற்றோருக்குப் பிறந்த குட்டி என்பதைத்தான் முதல் நிபந்தனையாக வைக்கச் சொல்வேன்.

கோல்டனைப் பற்றி இந்த விஷயத்தில் நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றில் மிக மென்மையானது அதுதான். நாம் குரலை உயர்த்தினாலே வருந்தும். தனிமைதான் அதற்கு ஆகாது. காலை எட்டு மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்கு வருகிற வீட்டில் கோல்டனை விட்டுவைப்பது பாவம் என்று தோன்றுகிறது.

ரோமம், ஈரம், வீட்டுத் தரை

தண்ணீர் நாய் வளர்ப்பவர்களுக்குத் தண்ணீருக்குள் வேலை குறைவு. வெளியே வந்த பிறகுதான் வேலை. இதில் செசபீக்கை மிஞ்ச ஒன்றும் இல்லை.

ஜனவரி மாதம் ஒரு காலை, துறையைச் சுற்றிக் கண்ணாடி போலப் பனி கட்டியிருந்தது. தண்ணீர் உறைநிலைக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்திருக்கும். நான் எறிந்த கட்டையை எடுக்கக் கெண்டை பனியை உடைத்துக்கொண்டு போனாள். வந்தவள் இரண்டு முறை உதறினாள். நான் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் முதுகு ரோமத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். தோல் காய்ந்து, கதகதப்பாக இருந்தது. தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்வார்களே, அதை நாயிடம் பார்த்தேன். மேல் ரோமம் முரடு, லேசான அலை, எண்ணெய்ப் பசை. அடியில் கம்பளி போல நெருக்கமான உள் ரோமம். எங்கேயும் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்த இனத்துக்கான விதி. நிறமும் வேலைக்கு ஏற்றதுதான்: பழுப்பு, கோரை நிறம், காய்ந்த புல் நிறம். கரையோரக் கோரைக்குள் உட்கார்ந்தால் வாத்துக்குத் தெரியாது. அந்த எண்ணெய்க்கு ஒரு தனி வாடை உண்டு, அதை மறைக்கவில்லை. எங்களுக்குப் பழகிவிட்டது, விருந்தாளிகளுக்குத் தெரியும். வாடை போகட்டும் என்று மாதாமாதம் சோப்பு போட்டுக் குளிப்பாட்டினால் எண்ணெய் போய்விடும், பாதுகாப்பும் போய்விடும். நாங்கள் வருஷத்துக்கு மூன்று நாலு முறைதான் குளிப்பாட்டுகிறோம்.

லாப்ரடார் ரோமமும் குட்டைதான், நெருக்கம்தான். துண்டால் பத்து நிமிஷம் துவட்டினால் போதும், வீட்டுக்குள் விடலாம். கோல்டன்தான் கஷ்டம். கால், வால், வயிறு, கழுத்து எல்லாம் நீண்ட இழை. ஒவ்வொரு இழையும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வரும். சேறும் கோரை முள்ளும் சிக்கும். அடிவரை காயாமல் விட்டால் தோலில் ஈரப்புண் வந்து, நாய் நக்கி நக்கி ஒரே நாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஆகிவிடும். வாரம் ஒரு நாள் நீச்சல் என்றால் சமாளிக்கலாம். பின்வாசலில் உப்பங்கழி, நாள் தவறாமல் நீச்சல் என்றால், நாள் தவறாமல் அரைமணி நேரம் துவட்டவும் சீவவும் ஆள் வேண்டும். மச்சினன் மனைவி இதைக் கேட்டதும், “அண்ணா, அந்த ஆள் யாருன்னு எனக்கு இப்பவே தெரியுது” என்றாள். கோல்டன் பேச்சு ஏறக்குறைய அன்றே முடிந்தது.

உதிர்வதில் மூன்றும் சமம். கறுப்புப் புடவை, கறுப்பு வேட்டி கட்டுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

தீனியும் உடம்பும்

லாப்ரடாருக்குப் பசி அடங்காது என்பது எல்லாருக்கும் தெரியும். காரணம் 2016இல் வெளியானது. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள், பிரிட்டன் லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியடங்கிய செய்தியை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். அந்த நாய்க்கு வயிறு நிறைந்த உணர்வே சரியாக வருவதில்லை. ‘பாவம், கெஞ்சுகிறதே’ என்று பாட்டியும் பேரனும் மாறி மாறி ஊட்டினால், நாலு வயதில் மூட்டு வலியோடு நிற்கும். வீட்டில் ஒருவர்தான் அளந்து போட வேண்டும், மற்றவர்கள் கை நீட்டக் கூடாது. எங்கள் வீடுகளில் இந்த விதியைக் காப்பாற்றுவது நாய்க்குப் பயிற்சி கொடுப்பதைவிடக் கஷ்டம். நிறம் பற்றியும் ஒன்று. 2018இல் வந்த ஒரு ஆய்வில், பிரிட்டனில் சாக்லேட் நிற லாப்ரடார்களின் ஆயுள் நடுவளவு 10.7 வருஷம், மற்ற நிறங்களுக்கு 12.1. சாக்லேட்டுக்குக் காது நோயும் தோல் நோயும் அதிகம். தண்ணீரில் கிடக்கப்போகிற நாய்க்குக் காது முக்கியம், அதனால் கறுப்பையோ மஞ்சளையோ பாருங்கள்.

கோல்டனுக்குப் பெரிய பயம் புற்றுநோய். அமெரிக்காவில் இந்த இனத்தில் அது அவ்வளவு அதிகம் என்பதால், மாரிஸ் விலங்கு அறக்கட்டளை 2012இல் தொடங்கி 3,000க்கும் மேற்பட்ட கோல்டன்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்து வருகிறது. மனதைத் தயார் செய்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

செசபீக்கும் நோயற்றதல்ல. இடுப்பு மூட்டுக் கோளாறு, பார்வை மெல்ல மங்கும் பரம்பரை நோய், வயதானபின் பின்னங்கால் செயலிழக்கும் தண்டுவட நோய் எல்லாம் உண்டு. லாப்ரடாரிலும் செசபீக்கிலும், கடுமையாக ஓடியபின் பின்னங்கால் தளர்ந்து விழும் ஒரு பரம்பரைக் கோளாறும் இருக்கிறது. தண்ணீர் நடுவில் அப்படி ஆனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதற்கு மரபணுச் சோதனை உண்டு. குட்டி வாங்கும்போது தாய் தகப்பன் இரண்டின் இடுப்பு, முழங்கை, கண் சான்றிதழ்களையும் இந்தச் சோதனை முடிவையும் கேளுங்கள். அமெரிக்காவில் இடுப்பு, கண் முடிவுகளை நாமே இணையத்தில் தேடிப் பார்க்கலாம். நாங்கள் முதலில் போன ஒரு வளர்ப்பவர் “எல்லாம் ஆரோக்கியமான நாய்கள்தான், காகிதம் எதுக்கு?” என்றார். எழுந்து வந்துவிட்டோம். பிறகு சரியான இடத்தில் கெண்டைக்காகப் பதினாலு மாதம் காத்திருந்தோம். செசபீக் குட்டி அப்படித்தான் கிடைக்கும், வளர்ப்பவர்கள் குறைவு. நம்மைப் பேட்டி எடுத்துவிட்டுத்தான் தருவார்கள்.

வேறு ரெட்ரீவர்களையும் மச்சினன் கேட்டான். நோவா ஸ்கோஷியா டக் டோலிங் ரெட்ரீவர் அழகான சின்ன நாய், கரையில் குதித்து விளையாடியே வாத்துகளை ஆவல் மூட்டிக் கிட்டே வரவழைக்கும். ஆனால் அதன் துள்ளலுக்கு ஈடுகொடுக்க வேறு வேலை இல்லாதவர்கள் வேண்டும். சுருட்டை ரோம ரெட்ரீவரும், தட்டை ரோம ரெட்ரீவரும் கிடைப்பதே அரிது. அதற்குமேல் நாங்கள் போகவில்லை.

எந்த இனமானாலும் தண்ணீரில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. இவை எனக்கு அனுபவத்தில் வந்தவை. குளிர் நீரில் ரொம்ப நேரம் நீந்தினால் மறுநாள் வால் செத்ததுபோலத் தொங்கும். முதல் முறை கெண்டைக்கு அப்படி ஆனபோது முதுகெலும்பு போயிற்று என்று பயந்து ஓடினேன். தசை வலிதான், நாலைந்து நாளில் சரியாயிற்று. பந்தை விடாமல் எறிந்தால் ஒவ்வொரு முறையும் வாய்வழியே தண்ணீர் உள்ளே போகும். நன்னீரில் அளவுக்கு மீறினால் ரத்தத்தில் உப்பு நீர்த்து உயிருக்கே ஆபத்து, உப்பு நீரானால் வயிற்றுப்போக்கு. பத்து எறிதலுக்கு ஒரு ஓய்வு என்று வைத்திருக்கிறோம். கோடையில் குளத்து நீர் பச்சை பெயின்ட் ஊற்றினதுபோல் ஆகிவிட்டால் இறக்கவே இறக்காதீர்கள். அந்தப் பாசி சில மணி நேரத்தில் நாயைக் கொல்லும். நீச்சல் முடிந்ததும் காதைத் துடைப்பது, நல்ல தண்ணீரால் உப்பை அலசுவது, எலிக்காய்ச்சல் தடுப்பூசியைத் தவறவிடாமல் இருப்பது, இவ்வளவும் வழக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் லாப்ரடார் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. நாய் உடம்பு முழுவதும் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் அதிகமுள்ள கடற்கரை ஊர்களில் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. பனிக்கட்டித் தண்ணீருக்கென்றே கம்பளி போர்த்திய செசபீக்கைச் சென்னைக்குக் கொண்டுபோவது அதற்குச் செய்யும் கொடுமை. கோல்டனும் சமவெளியில் கஷ்டப்படுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். குன்னூர், ஏற்காடு என்றால் வேறு பேச்சு. லாப்ரடார் தாங்கும், விடிகாலையிலும் இருட்டிய பிறகும் மட்டும் நடக்க வைத்தால், நிழலில் ஒரு சிமென்ட் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தால், உண்ணியைக் கண்ணும் கருத்துமாகப் பொறுக்கினால். வெயில் என்று மொட்டை மட்டும் அடிக்காதீர்கள், அந்த இரட்டை ரோமம்தான் தோலுக்கு நிழல். திறந்த கிணறு உள்ள தோட்டமானால் முதலில் கிணற்றுக்கு மூடி போடுங்கள். தண்ணீரைக் கண்டால் இவை யோசிக்காது.

மச்சினன் வீட்டுக்கு என் பதில் லாப்ரடார். பெண் குட்டி, கறுப்பு, நிதானமான தாய் தகப்பன். செசபீக் யாருக்கு என்று கேட்டால், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த வீடு, வருகிறவர் போகிறவர் அளவான வீடு, குளிர்காலத்திலும் தினமும் தண்ணீர்க் கரையில் நிற்கத் தயாரான ஒருவர். எங்கள் வீடு அப்படி இருந்தது. கோல்டன், தண்ணீர் வாரக்கடைசி இன்பமாக இருக்கிற, பகலெல்லாம் யாராவது இருக்கிற, வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு வரம். மச்சினனின் பையன் பத்து வயதாகும்போது அவர்கள் இரண்டாவது நாய் தேடினால், செசபீக்குக்கு நானே சிபாரிசுக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

முன்பணம் கட்டிவிட்டான். ஈற்று பிறந்து மூன்று வாரம் ஆகிறது, ஏழு குட்டிகள், நாலு பெண். எட்டாவது வாரம் வீட்டுக்கு வரும். கெண்டையை வைத்தே நீச்சல் பழக்கலாமா என்று நேற்றுக் கேட்டான். மே மாதக் கடைசியில் கூட்டி வரச் சொன்னேன். அப்போது தண்ணீரில் குளிர் விட்டிருக்கும், கொட்டும் ஜெல்லி மீன்கள் இன்னும் வந்திருக்காது. எங்கள் துறைக்கு வலப்பக்கம் முழங்கால் ஆழத்தில் மணல் திட்டு ஒன்று உண்டு. கெண்டையும் அங்கேதான் முதன்முதலில் கால் தரையைவிட்டு நீந்தினாள்.